மதினி வாங்கிய கம்ப்யூட்டர்

ஒன்றோடொன்று பொருந்தி இயங்க வேண்டிய பொருள்களைப் பிரித்து வாங்கக் கூடாது; அவற்றை ஒரே தொகுப்பாகக் கருதி, ஒரே விலைப்புள்ளியாகக் கோரி, ஒரே விற்பனையாளரைப் பொறுப்பாக்க வேண்டும். எங்கள் துறையின் கொள்முதல் விதிகளில் இப்படி ஓர் உட்பிரிவு இருந்தது. பணியில் இருந்தவரை இதைக் காட்டி எத்தனையோ கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பம்பை ஒரு கடையிலும் அதற்கு மோட்டாரை இன்னொரு கடையிலும் வாங்கிய பொறியாளர் ஒருவரிடம் நான் கேட்ட விளக்கத்துக்குப் பிறகு, அந்த மனிதர் ஓய்வு பெறும்வரை என்னைக் கண்டால் வராந்தாவின் அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போவார். அப்படிப்பட்ட நான் என் மதினிக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் புறப்பட்டபோது அந்த உட்பிரிவு எனக்கு நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அதையும் சேர்த்துக் கழற்றிவிட்டேன் போலிருக்கிறது.

மதினி என் அண்ணனின் மனைவி. கோவில்பட்டியில் எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி மாவு மில் நடத்திவந்தார். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

“இது எத்தன வருசம் வரும்?”

விலையை அதற்குப் பிறகுதான் கேட்பார். கேட்ட விலையைக் கொடுத்துவிடுவார். மூன்று கடை ஏறி இறங்குவது, பாதி விலைக்குக் கேட்டுவிட்டு நாலடி நடந்து திரும்பிப் பார்ப்பது, இதெல்லாம் அவரிடம் கிடையாது. கடைக்காரர்களுக்கு அவரைப் பிடித்திருக்க வேண்டும், ஆனால் பயந்தார்கள். வருடக் கணக்கை வாயால் சொல்லிவிட்டால் அதை அவர் மறக்கமாட்டார். பஜாரில் குடை வாங்கும்போது நான் கூட இருந்தேன்.

“எக்கா, நம்மூர்ல மழைக்கு வருசத்துல நாலு நாளுதான் வேல. கொட எங்கன தேயப் போவுது?” என்றான் கடைக்காரன்.

“அப்பம் வெயிலுக்கு எத்தன வருசம் வரும்? அதச் சொல்லு.”

அவன் ஒரு கணக்குச் சொன்னான். அந்தக் கணக்கு முடிய ஒரு மாதம் இருக்கும்போது கம்பி ஒடிந்தது. மதினி குடையோடு போய் அவன் கல்லாவின் முன்னால் நின்றார். சண்டை போடவில்லை. “ஒரு மாசம் பாக்கி இருக்கே தம்பி” என்றார். அவன் புதுக்குடை கொடுத்தான்.

பல் டாக்டரிடம், அடைத்த சிமெண்ட் எத்தனை வருடம் வரும் என்று கேட்டார். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், மாப்பிள்ளை வேலை பார்க்கும் கம்பெனி எத்தனை வருடம் வரும் என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். நான் மதினியைப் பார்த்து முறைத்தேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அந்தக் கம்பெனியும் நிலைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் அண்ணனைப் பற்றியும் அதே பாஷைதான். சிறுநீரகம் கெட்டுப்போய் அண்ணன் இறந்தபோது பையன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். “ஒங்க அண்ணன் பதினோரு வருசம் வந்தாவ. சரக்கு நல்ல சரக்குதான், ரிப்பேர் பாக்கத்தான் ஆளில்ல” என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். கேட்டவர்களுக்குத்தான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது.

பையன் வளர்ந்து, டிப்ளமோ முடித்து, சென்னையில் ஏசி மெக்கானிக்காக வேலைக்குப் போனான். நல்ல பையன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. கம்ப்யூட்டர் விளையாட்டு மட்டும் உண்டு. ஊருக்கு வந்தால் பையை வைப்பான், சாப்பிடுவான், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த நெட் சென்டருக்குப் போய்விடுவான். அங்கே பத்துப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒருமுறை சாப்பிடக் கூப்பிடப் போன மதினி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அவன் முகத்தைப் பார்த்திருக்கிறார். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்.

“கொழுந்தனாரே, ஒரு கெம்ப்யூட்டர் வாங்கணும். கணக்கு எழுத இல்ல, வெளையாட.”

“யாரு வெளையாட? நீங்களா மதினி?”

“ஆமா, துப்பாக்கி எடுத்துச் சுடப் போறேன். மொத ஆளு நீங்கதான்.”

பிறகு சொன்னார். பையனுக்குக் குவைத்தில் வேலை பேசியாகிவிட்டது. சென்னை வேலையை விட்டுவிட்டு வருகிறான். விசா வரும்வரை ஒரு இரண்டு மாதம் வீட்டில் இருப்பான். அதன் பிறகு எப்போது வருவான் என்று தெரியாது.

“அவன் வெளையாடும்போது பாத்திருக்கீங்களா? கீழ் ஒதட்டக் கடிச்சிக்கிட்டு, ஒத்தப் புருவத்த மட்டும் தூக்கிக்கிட்டு... அவிய அப்பா சைக்கிள் செயின் மாட்டும்போது வச்சிருப்பாவள்லா, அதே மூஞ்சி. சோறு திங்கும்போது அது வரல, பேசும்போது வரல. வெளையாடும்போது மட்டும் வருது. அத என் வீட்டுல வச்சி ரெண்டு மாசம் பாக்கணும். கண்ணாடிக்கு வெளிய நின்னு எவ்வளவு நேரம் எட்டிப் பாக்க?”

சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. அந்தப் பணத்துக்குள் வாங்க வேண்டும். வாங்கியது, அவன் குவைத்திலிருந்து வரும்போதெல்லாம் ஓட வேண்டும். எனக்கோ கொள்முதல் என்றால் ரத்தத்தில் ஒரு சுறுசுறுப்பு. என்னிடம் விட்டுவிடுங்கள் என்றேன்.

என் வீட்டுப் போனிலிருந்தே பையனைக் கூப்பிட்டோம். அவன் தெளிவாகச் சொன்னான்: “சித்தப்பா, காசு கொறைச்சல்னா கேபினெட்டுல கொறைங்க, கீபோர்டுல கொறைங்க. மானிட்டர் பழசு கெடைச்சாலும் போதும். போர்டுலயும் பவர் சப்ளையிலயும் மட்டும் கை வச்சிராதீங்க. போர்டு சரியா இருந்தா ரெண்டு வருசம் கழிச்சு கார்ட மாத்திக்கலாம், ராம் ஏத்திக்கலாம். அஞ்சாறு வருசம் தாராளமா ஓடும்.” மதர்போர்டின் கம்பெனிப் பெயரையும் மாடல் எண்ணையும் எழுத்து எழுத்தாகச் சொன்னான். கிராபிக்ஸ் கார்டுக்கும் அப்படியே.

ரிசீவரின் இந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த மதினி, “மோட்டார் நல்லதா இருந்தா கல்ல மாத்திக்கலாம்ங்கான். சரிதான?” என்றார்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுதியதைத் திருத்தியதில்தான் எல்லாம் கெட்டது. அரசுக் கொள்முதலில் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் பெயரையோ மாடலையோ கேட்கக் கூடாது. அது ஒருவருக்குச் சலுகை காட்டுவதாகும். இருபது வருடப் பழக்கத்தில் கை தானாகவே அவன் சொன்ன பெயர்களை அடித்தது. தன்மையை மட்டும் குறித்து, “அல்லது அதற்கு இணையானது” என்று சேர்த்தது. மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கினேன்: உள்ளூரில் ஒன்று, மதுரையில் ஒன்று, திருநெல்வேலியில் ஒன்று. சிவப்பு மையில் கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். ஒவ்வொரு உருப்படிக்கும் எந்தக் கடை குறைவோ அந்தக் கடையில் வாங்கினேன். போர்டு மதுரையில், கார்டு திருநெல்வேலியில், மற்றவை உள்ளூரில். பட்டியல் அவ்வளவு அழகாக அமைந்தது. அலுவலகத்தில் அப்படி ஒன்றைத் தயாரித்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

மிச்சப் பணத்தை மதினியிடம் நீட்டியபோது அவர் சந்தோஷப்படவில்லை.

“மிச்சம் வந்திருக்குன்னா எதுலயோ கொறைஞ்சிருக்கு. எதுல கொறைஞ்சுது?”

“எதுலயும் கொறையல மதினி. இதுக்குப் பேருதான் டெண்டர்.”

“எத்தன வருசம் வரும்?”

“அவன் சொன்ன வருசம் வரும்.”

அந்தப் பணத்தை அன்றைக்கே விசா ஏஜெண்டுக்குக் கட்டினார்.

பொருத்திக் கொடுக்க உள்ளூர்க் கடையிலிருந்து ஆள் வந்தான். தரையில் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் மாட்டினான். கடைசியில் கிராபிக்ஸ் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள்ளே பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“சார், இத எங்கன சொருக?”

“சொருகுற எடத்துலதான்.”

“அந்த எடமே இல்லயே சார் இந்த போர்டுல.”

மதுரைக்காரர்கள் கொடுத்த போர்டு எல்லா வகையிலும் இணையானதுதான். படம் காட்டும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆகையால் தனிக் கார்டு போடும் ஸ்லாட்டை வைக்காமல் விலையைக் குறைத்திருந்தார்கள். கடிதம் அடிக்கவும் சீட்டு விளையாடவும் போதும். பையன் விளையாடும் விளையாட்டுகளுக்குப் போதாது. மதுரைக்குப் போன் செய்தேன். “நீங்க கேட்டது போர்டு சார், குடுத்தது போர்டு. பெட்டியப் பிரிச்சிட்டீங்க. இனிம எடுக்க முடியாது.” திருநெல்வேலிக்காரர் கார்டில் ஒரு பழுதும் இல்லை என்றார். இருவர் சொன்னதும் உண்மை. பொறுப்பு மூன்று பில்களாகப் பிரிந்து கிடந்தது. பிரித்தவன் நான்.

இரண்டு நாளில் பையன் வந்தான். பையைக்கூட இறக்காமல் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தான். சென்னையிலிருந்து கொண்டுவந்த விளையாட்டைப் போட்டான். திரையில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் வந்தான். மழை பெய்த மறுநாள் கரிசலில் நடப்பவனைப்போல ஒரு காலைத் தூக்கினான், நின்றான், யோசித்தான், அடுத்த காலைத் தூக்கினான். அதற்குள் அவனை யாரோ சுட்டுவிட்டார்கள்.

பையன் பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து பார்த்தான். மேசைமேல் கைக்குழந்தையைப்போலத் துணியில் சுற்றி வைத்திருந்த கார்டைப் பார்த்தான். “நா சொன்ன போர்டு இல்லயே இது?”

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையில் காபி. வாயைத் திறப்பதற்குள் மதினி சொல்லிவிட்டார்.

“சித்தப்பா நீ சொன்னதத்தான் வாங்கணும்னாவ. நாந்தான் வெல சாஸ்தியா இருக்கே, வேற வாங்குங்கன்னேன்.”

அவன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். “நீயா? நீ எப்பம்மா வெல பாத்த?”

“வயசாவுதுல்லாடா. புத்தி மாறுது.”

நான் காபியைக் குடித்தேன். ஒரு மடக்கு அல்ல, முழு டம்ளரையும் குடித்து முடித்தேன். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு.

“பரவாயில்லம்மா” என்றான் அவன். மூடியை மறுபடி மாட்டினான். சாப்பிட்டான். நெட் சென்டருக்குப் போனான்.

அந்த இரண்டு மாதமும் கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது, பையன் நெட் சென்டரில் இருந்தான். முதலில் சில நாள் மதினி மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அதில் உட்கார்ந்து மகனின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மற்ற பையன்கள், “எக்கா, ஒங்க மகன் செத்துட்டான்!” என்று கத்துவார்களாம். இவர், “அடுத்த ஆட்டத்துல எந்திரிச்சி வருவான்லே, நீ ஒன்னயப் பாரு” என்பாராம். ஒரு நாள் பையன் வெளியே கூட்டிவந்து மெதுவாகச் சொல்லியிருக்கிறான்: “எம்மா, நீ இங்க வராத. பயலுவ சிரிக்கானுவ.”

அதன் பிறகு போகவில்லை. சாயங்கால ரயிலில் வேலை முடிந்து திரும்பும்போது, சாத்திய மில்லின் முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். “ரயிலு லேட்டா?” என்று கேட்பார். என்னிடம் அவர் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

என் சம்பளத்தில் வேறொரு போர்டு வாங்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். ஆனால் போர்டு வாங்கிக் கொடுத்தால் தவறு என்னுடையதென்று ஆகும். போர்டு செய்த கம்பெனிக்குக் கடிதம் எழுதினால் தவறு கம்பெனியுடையதாக இருக்கும். நான் கடிதம் எழுதினேன்.

ஒரு தடவை மட்டும் மனசு பொறுக்காமல் மில்லின் முன்னால் நின்றுவிட்டேன். “மதினி, நான் அவன்ட்ட சொல்லிருதேன்.”

“என்னத்தச் சொல்லுவீங்க?”

“நாந்தான் வாங்குனேன்னு.”

“சொல்லி? அவன் தூர தேசத்துக்குப் போற பய. போகும்போது சித்தப்பா மேல ஒரு கொறய வச்சிக்கிட்டா போவணும்? நாளைக்கி எனக்கு ஒண்ணுன்னா அவன் யாரக் கூப்புடுவான்? ஒங்களத்தான? அம்மா மேல வருத்தம்னா ரெண்டு நாளு, ஒட்டாது. ஒங்க மேலன்னா அது கெடக்கும்.” பிறகு, “வீட்டுக்குப் போங்க, தங்கச்சி தேடுவா” என்றார். என் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார்.

அவர் கணக்கு தப்பவில்லை. பல வருடங்கள் கழித்து மதினியை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவன் குவைத்திலிருந்து முதலில் கூப்பிட்டது என்னைத்தான். “சித்தப்பா, நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் நான் இங்க இருக்கேன்” என்றான். அவன் விமானம் பிடித்து வருவதற்குள் மதினி போய்விட்டார். கொள்ளி வைத்துவிட்டு வந்து என் தோளில் சாய்ந்து அழுதான். தட்டிக்கொடுத்தேன். அந்த நேரத்திலும் நான் எதுவும் சொல்லவில்லை.

கடிதம் எழுதுவதில் மட்டும் நான் குறை வைக்கவில்லை. கம்பெனியின் சென்னை அலுவலகத்துக்கு முதல் கடிதம். பொருளின் விவரப் பட்டியலில் “ஸ்லாட் இல்லை” என்பது வெளிப்படையாகக் குறிப்பிடப்படவில்லை, ஆகவே வாங்கியவர் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்கப்பட்டார் என்று ஒரு வாதத்தை உருவாக்கினேன். என் மேசைக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் இரண்டு வரியில் தள்ளுபடி செய்திருப்பேன். பதில் இல்லை. நினைவூட்டு அனுப்பினேன். பதில் இல்லை. பதிவுத் தபாலில் இன்னொன்று. ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. பையன் குவைத்துக்குப் போய்விட்டான். முதல் வருட விடுமுறைக்கு, ஓவர்டைம் இருக்கிறதென்று, வரவில்லை. இரண்டாவது வருடமும் அதே. நான் நுகர்வோர் சட்டத்தை மேற்கோள் காட்டி எழுதினேன். மதினி எதிரே வந்தால், “கம்பெனிக்கு எழுதியிருக்கேன் மதினி” என்பேன். “எழுதுங்க, எழுதுங்க” என்பார். குழந்தையை விளையாடச் சொல்வதுபோல இருக்கும்.

இதற்கிடையில் எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்தது. பையன் பணம் அனுப்பி இணைப்பு வாங்கச் சொன்னான். ஒரு சிறு கேமராவும் மைக்கும் ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்துவிட்டான். கார்டு இல்லாத அந்தக் கம்ப்யூட்டருக்கு இந்த வேலை தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. மத்தியானம் மதினி மில்லைச் சாத்திவிட்டு, அரைக்க வந்த மிளகாயைச் சுளகில் கொட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்காருவார். கால்மணி நேரம் பேசுவார்கள். சாப்பாடு, வெயில், சம்பளம். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது.

“எம்மா, பயலுவ வெளையாடக் கூப்புடுதானுவ. வச்சிரட்டா?”

“வைக்காத. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ வெளையாடு.”

அவன் பக்கத்தில் இருந்த அறைத்தோழனின் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வான். மதினி காம்பு கிள்ளிக்கொண்டே பார்ப்பார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் தபால்காரர் அந்த உறையைக் கொடுத்தார். வாசலிலேயே பிரித்தேன். தங்கள் தொடர் கடிதங்களைக் கருத்தில் கொண்டு, சிறப்பு நேர்வாக, பழைய போர்டைப் பெற்றுக்கொண்டு ஸ்லாட் உள்ள போர்டு வழங்க நிர்வாகம் இசைந்துள்ளது. பழையதைக் கழற்றி அனுப்பி வைக்கவும். செருப்புக்கூடப் போடாமல் நாலு வீடு தாண்டி ஓடினேன். என் வாழ்நாளில் எந்த உத்தரவும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

“மதினி, கம்பெனிக்காரன் ஒத்துக்கிட்டான்! வேற போர்டு தாறானாம். இத கழத்தி அனுப்பணும்.”

“கழத்தி அனுப்புனா எப்பம் திரும்பி வரும்?”

“அவனுவளப் பத்தித் தெரியும்லா. ஒரு ரெண்டு மாசம் வச்சிக்கிடுங்க. கூடவும் ஆவலாம்.”

மதினி திரையைப் பார்த்தார். அதில் ஓர் ஓரத்தில், தீப்பெட்டி அளவுச் சதுரத்துக்குள், பையன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். படம் விட்டு விட்டு நகர்ந்தது. கீழுதட்டைக் கடித்திருந்தான். ஒற்றைப் புருவம் மேலே ஏறியிருந்தது. என் அண்ணன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

“அப்பம் வேண்டாம்.”

“மதினி, அந்தக் கார்டப் போட்டா அவன் வரும்போது இங்கனயே...”

“அவன் எப்பம் வருவான்னு அவனுக்கே தெரியாது. இத கழத்துனா அந்த ரெண்டு மாசம் எனக்கு எங்கன கெடைக்கும்?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எந்த ரெண்டு மாசம் என்று நான் கேட்கவில்லை. மைக்கின் பக்கம் குனிந்தேன். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். “ஏலே, சித்தப்பா பேசுதேன். அந்த போர்டு இருக்குல்லா, அத...”

மதினி மிளகாய்க் கையால் மைக்கின் வயரைப் பிடுங்கினார்.

“சும்மா இருங்க கொழுந்தனாரே. அவன் வெளையாடுதான்லா.”

சதுரத்துக்குள் அவன் திரும்பவில்லை. கேட்டிருக்கவில்லை. மதினி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, சுளகைச் சற்று நகர்த்தி, எனக்கும் ஒரு பலகையை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் எதையோ சுட்டான். தப்பியது போலிருக்கிறது, நாக்கைக் கடித்தான். மதினி சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்தேன். வந்த கடிதம் எதையும் குறிப்பு எழுதாமல் நான் கோப்பில் சேர்த்ததில்லை. என்ன நடவடிக்கை, யார் பொறுப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மேல் மூலையில் வரப்பெற்ற நாளை மட்டும் எழுதினேன்: 23.3.2007.